பூச்சி கடிச்ச செடியில விதை எடுக்கலாமா?

போன தை மாதம் ஒரு விதைத் திருவிழாவில் கடை போட்டிருந்தேன். சுரை, பீர்க்கு, அவரை, நாலு வகைக் கத்தரி, கொஞ்சம் தட்டைப்பயறு. மத்தியானச் சாப்பாட்டு நேரம், கூட்டம் குறைந்திருந்தது. முப்பது வயது இருக்கும் ஒரு சகோதரி, கத்தரி விதைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் கேட்டார்: “ஏனுங்ண்ணா, பூச்சி கடிச்ச செடில விதை எடுக்கலாமுங்களா?”

நான் யோசிக்காமல் சொன்னேன்: “வேண்டாம்மா. நோய் நொடி இல்லாம, வாட்டசாட்டமா நிக்கிற செடியாப் பார்த்து எடுங்க.”

“எங்க அம்மாயி அப்படிச் செய்ய மாட்டாங்களே. பூச்சி கடிச்சு, அதையும் மீறிக் காய்ச்ச செடிலதான் விதைக்காய் விடுவாங்க. அடி வாங்குனதுக்குத்தான் அடி தாங்கத் தெரியும்னு சொல்லுவாங்க.”

எனக்கு வாய் அடைத்துப்போனது. ஏதோ சொல்லி மழுப்பி, அவருடைய போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் அந்தக் கேள்வி மட்டும் இல்லை. இதே மாதிரி ஒரு விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை தவறு செய்து, அதற்கு இன்னொருவர் விலை கொடுத்திருக்கிறார்.

மச்சானுக்குக் கொடுத்த குச்சி

எங்களுக்கு நாமக்கல் மாவட்டத்தில் மூணு ஏக்கர். அதில் ஒரு ஏக்கர் குச்சிக்கிழங்கு. மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் தையில் நட்டது, பங்குனியில் தேமல் அடித்தது. இலை மஞ்சளும் பச்சையுமாகி, சிறுத்து, கோணிக்கொண்டு நின்றது. பஞ்சகவ்யா, மீன் அமிலம், புளித்த மோர் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் தெளித்தேன். சித்திரை, வைகாசி வெயிலில் மேலே வந்த புது இலைகள் சுத்தமாக வந்தன! கீழ் இலையில் தேமல், மேல் இலையில் ஒன்றுமே இல்லை. கரைசல் குணப்படுத்திவிட்டது என்று நம்பினேன். நம்பியதோடு விடாமல் இரண்டு கூட்டத்தில் பேசவும் பேசினேன்.

அறுவடையின்போது மச்சான் குச்சி கேட்டார். வீட்டுக்காரியின் அண்ணன். “குணமான வயலுங்க, தைரியமா எடுத்துக்குங்க” என்று இரண்டு ஏக்கருக்குக் குச்சி கட்டிக் கொடுத்தேன். நட்டு ஆறு வாரத்தில் அவர் வயல் முழுக்கத் தேமல். பல செடிகளில் கிழங்கு கட்டை விரல் மொத்தத்தைத் தாண்டவில்லை. மச்சான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

செடி குணமானது பொய்யில்லை, என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் எப்படி அடுத்த தலைமுறைக்கு நோய் போனது? அந்த அம்மாயி கேட்பது இதன் மறுபக்கம்: நோய் போகுமென்றால், அதைத் தாங்கும் பக்குவமும் போகுமா? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதை ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்கிறார்கள். நான் மரபணு வாயடைப்பு என்று சொல்கிறேன். படித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஆறேழு மாதம் ஆனது. புரிந்த வரைக்கும் இங்கே எழுதுகிறேன்.

மூலப் பத்திரமும் நகலும்

வீட்டு மூலப் பத்திரத்தை யாரும் வெளியே எடுத்துக்கொண்டு அலைவதில்லை. அது பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். கடன் வாங்க, கரண்டு கனெக்ஷன் வாங்க, எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் நகல்தான் போகும். ஒவ்வொரு உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான். டி.என்.ஏ. என்பது மூலப் பத்திரம். அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு பத்தியும் ஒரு மரபணு. பூவுக்கு ஊதா நிறம் வேண்டுமென்றால், அந்தப் பத்தியை மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்பும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. நகலைப் பார்த்து வெளியே புரதம் தயாராகும், புரதம் வேலையைச் செய்யும்.

ஆக, ஒரு மரபணுவின் வாயை அடைக்க இரண்டு வழி. பத்திரத்திலேயே எழுத்தை மாற்றலாம், இல்லை எழுத்தில் கை வைக்காமல் வெளியே வரும் நகல்களை மட்டும் கிழித்துப் போடலாம். இரண்டாவது வழியைச் செடிகள் ரொம்பக் காலமாகச் செய்துகொண்டிருக்கின்றன. நமக்குத் தெரிய வந்ததுதான் தாமதம்.

தெரிய வந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜார்கன்சன், கரோலின் நப்போலி என்ற இருவர் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்தார்கள். நிறத்துக்கான மரபணுவை இன்னொரு தடவை செடிக்குள் வைத்தார்கள். ஒன்றுக்கு இரண்டு இருந்தால் நிறம் கூடும் என்பது கணக்கு. பூத்தது பார்த்தால் பல செடிகளில் வெள்ளைப் பூ, சிலவற்றில் வெள்ளையும் ஊதாவும் கலந்த பூ! புதிதாக வைத்த மரபணுவும் பேசவில்லை, செடியில் முன்பே இருந்ததும் பேசவில்லை. இது 1990ல் வெளிவந்தது. சும்மா கிடந்த செடியில் கை வைத்தால் செடி பதிலுக்கு என்ன செய்யும் என்று வைத்தவர்களுக்கே தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அவர்கள் அதை மூடி மறைக்காமல் எழுதினார்கள். அதனால்தான் மேற்கொண்டு விஷயம் வெளியே வந்தது.

விடை கிடைத்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில். மண்ணிலும் மக்கும் பழங்களிலும் வாழும் உருளைப் புழு அது. 1998ல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ குழுவினர் அந்தப் புழுவுக்குள் ஆர்.என்.ஏ.வைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆர்.என்.ஏ. வழக்கமாக ஒற்றைப் புரியாக இருக்கும். ஒற்றைப் புரியாகக் கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு புரியைக் கயிறு மாதிரி முறுக்கிக் கொடுத்தபோது அந்த மரபணு சுத்தமாக அடங்கிப்போனது. அதுவும் துளியூண்டு போதும். ஊசி போட்ட இடத்தில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க. உடம்போடு நிற்காமல், அந்தப் புழு இட்ட குஞ்சுகளிலும். இந்தக் கண்டுபிடிப்புக்கு 2006ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

சேலை முனையை வெட்டி எடுத்துப் போவது மாதிரி

ஏன் இரட்டைப் புரி? ஏனென்றால் செடிக்கு இரட்டைப் புரி ஆர்.என்.ஏ. என்றால் திருடன் வந்துவிட்டான் என்று அர்த்தம். செடிகளைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. வைரஸ்கள். அவை தங்களைப் பெருக்கும்போது இரட்டைப் புரியாகித்தான் தீர வேண்டும். செடி அதைக் கண்டால் உடனே வெட்டும். வெட்டுவதற்கு டைசர் என்று ஒரு புரதம் இருக்கிறது. நம் அரிவாள்மனை மாதிரி. 21லிருந்து 24 எழுத்து நீளத்துக்குச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் போடும்.

அடுத்தது வேடிக்கையானது. ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் பார்க்க, வீட்டில் பெண்கள் சேலை முனையைத் துளி வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள் இல்லையா? அந்த மாதிரி, அர்கோனாட் என்ற இன்னொரு புரதம் நறுக்கிய துண்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு செல் முழுக்க அலையும். எதிரில் வரும் ஒவ்வொரு ஆர்.என்.ஏ. நகலோடும் ஒட்டிப் பார்க்கும். எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் அந்த இடத்திலேயே வெட்டு. வைரஸ் நகல் போட்டுக்கொண்டே இருக்கும், இது வெட்டிக்கொண்டே இருக்கும். துண்டுகள் செடிக்குள் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போய், குருத்து வரைக்கும் சேதி சொல்லும்.

செடிகளில் இன்னொன்றும் உண்டு. அந்தத் துண்டை வைத்தே மேலும் மேலும் இரட்டைப் புரி தயாரிக்கிற, அதாவது நகலையே நகல் எடுக்கிற ஒரு புரதம். புழுக்களிலும் இது உண்டு. நம் மாதிரிப் பாலூட்டிகளிடம் இந்த ஏற்பாடு இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தலைமுறை விஷயத்துக்கு வரும்போது வேண்டும்.

1928லேயே அமெரிக்காவில் விங்கார்டு என்பவர், வளைய நோய் வந்த புகையிலைச் செடியின் மேல் இலைகள் தாமாகவே தெளிந்து வருவதையும், அந்தச் செடிக்கு அதே வைரஸை மறுபடி ஏற்றினால் நோய் வராததையும் எழுதி வைத்தார். காரணம் புரிய எழுபது வருஷம் ஆனது. காரணம் இந்த அரிவாள்மனைதான்.

என் குச்சிக்கிழங்கு வயலில் நடந்ததும் அதுதான். மரவள்ளித் தேமல் வைரஸ் டி.என்.ஏ. வகை. ஆனாலும் வேலை நடக்க அதுவும் ஆர்.என்.ஏ. நகல் எடுத்தாக வேண்டும், செடி அந்த நகலை வெட்டும். முக்கியமான சங்கதி: இந்த வெட்டு வேலை வெப்பத்தில் வேகமாகவும் குளிரில் மந்தமாகவும் நடக்கும். 15 டிகிரிக் குளிரில் வைத்த செடிகளில் அந்தச் சின்னத் துண்டுகள் வெகுவாகக் குறைந்துபோனதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மரவள்ளியிலும் வெப்பம் கூடக்கூடத் துண்டுகள் கூடி, தேமல் தெளிகிறது. என் வயலில் இலையைத் தெளிய வைத்தது சித்திரை வெயிலும் செடியின் சொந்தப் பலமும். பேர் வாங்கிக்கொண்டது என் மீன் அமிலம். கரைசல்கள் செடியின் பலத்துக்கு உதவியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குணமாக்கியது அது என்று மேடையில் சொன்னேனே, அது தப்பு.

வெட்டிக்கொண்டே இருப்பது வேறு, ஒழித்துவிடுவது வேறு. வைரஸ் அடங்கிக் கிடந்தது, சாகவில்லை. குச்சிக்குள் இருந்தது. குச்சியை வெட்டி, புது மண்ணில், புதுச் செடியாகத் துளிர்க்கவிட்டபோது மறுபடி தலை தூக்கிவிட்டது. வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. பப்பாளி வளையப்புள்ளி வைரஸின் குடும்பம், செடியின் இந்த வெட்டு வேலையையே முடக்கிப் போட ஒரு புரதம் வைத்திருக்கிறது. பூட்டுக்குச் சாவி மாதிரி.

அடுத்த தலைமுறைக்கு என்ன போகிறது?

இப்போது அம்மாயி கேள்விக்கு வருவோம்.

நறுக்கிய சின்னத் துண்டுகள் நகலை வெட்டுவதோடு நிற்பதில்லை. சில, குறிப்பாக 24 எழுத்துத் துண்டுகள், பெட்டி இருக்கும் இடத்துக்கே போய் மூலப் பத்திரத்தில் தங்களோடு பொருந்தும் பத்தியைக் கண்டுபிடிக்கும். அங்கே மீத்தைல் என்கிற ஒரு சின்ன ஒட்டு விழும். எழுத்து மாறாது. ஓரத்தில் பென்சிலால் ‘இதை நகல் எடுக்காதே’ என்று குறி போட்ட மாதிரி. செல் இரண்டாகும்போது பத்திரத்தோடு சேர்த்து இந்தக் குறியும் பிரதி ஆகும். பாலூட்டிகளில் கரு உருவாகும்போது இப்படிப்பட்ட குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிடும். செடிகளில் அவ்வளவு துப்புரவாக அழிப்பதில்லை. மகரந்தம் வழியாகவும் சூல் வழியாகவும் சில குறிகள் விதைக்குள் போய்விடும்.

பென்சில் குறி எவ்வளவு காலம் நிற்கும்? ஆச்சரியமாக, சிலது ரொம்ப நாள் நிற்கிறது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1744ல் ஒரு விசித்திரப் பூவைப் பற்றி எழுதினார். லினாரியா என்ற செடி, பூவின் வடிவமே மாறிப்போய் நின்றது. அந்த வடிவம் அடுத்த தலைமுறைக்கும் போனது. 255 வருஷம் கழித்து, 1999ல் இங்கிலாந்தில் அந்த வகைப் பூவின் மரபணுவைப் பார்த்தபோது எழுத்து எதுவும் மாறவில்லை. மீத்தைல் குறிதான் நிறைய விழுந்திருந்தது.

மக்காச்சோளத்தில் இன்னொரு கதை. 1956ல் அலெக்சாண்டர் பிரிங்க் என்பவர், அடர் நிற மணிக்கான மரபணு ஒரு குறிப்பிட்ட ஜோடியோடு ஒரு தலைமுறை சேர்ந்து இருந்துவிட்டால், பிறகு பிரிந்து வந்தாலும் அதன் நிறம் வெளுத்தே இருப்பதைக் காட்டினார். சேர்க்கை சரியில்லை என்று வீட்டில் திட்டுவார்களே, அது மாதிரி! மெண்டல் கணக்குக்கு அடங்காத இந்த விஷயத்தை அப்போது பலர் நம்பவில்லை. மக்காச்சோளத்தில் இதே போல நடக்கும் இன்னொரு நிற மரபணுவை ஆராய்ந்து 2006ல் கண்டது: அந்த வெளுப்பு நிலைக்க, நான் மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன, ஆர்.என்.ஏ.வை நகல் எடுக்கிற அந்தப் புரதம் வேண்டும். அது இருப்பதால்தான் தலைமுறை தாண்டியும் சேதி நீர்த்துப் போகாமல் போகிறது. ஒரு படி மோரில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் மோர் காணாமல் போகும். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு கை தயிர் போட்டால் போகாது. நகல் எடுக்கும் புரதம் அந்தத் தயிர்.

புழுவிலும் பார்த்திருக்கிறார்கள். 2014ல் வந்த ஓர் ஆய்வில், பட்டினி கிடந்த புழுவில் உருவான சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகள், பட்டினியையே பார்க்காத மூன்றாம் தலைமுறைக் குஞ்சுகளிலும் இருந்தன.

சரி, பூச்சி? இதற்கு நேரடியான ஆய்வே இருக்கிறது. 2012ல் வந்தது, செர்ஜியோ ரஸ்மானும் கூட்டாளிகளும் செய்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியையும் தக்காளியையும் எடுத்துக்கொண்டார்கள். சில செடிகளைப் புழு தின்னவிட்டார்கள், சிலதைப் புழு இல்லாமல் வளர்த்தார்கள். இரண்டிலும் விதை எடுத்து, முளைக்கவைத்து, எல்லாவற்றிலும் புழு விட்டார்கள். தாய்ச்செடி கடிபட்டிருந்தால், பிள்ளைச்செடியைத் தின்ற புழுக்கள் சிறுத்துப்போயின. சிலவற்றில் பாதி அளவுதான் வளர்ந்தன. அரபிடாப்சிஸில் இது பேரன் தலைமுறைக்கும் போனது. சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செய்ய முடியாதபடி ஊனமான செடிகளை வைத்து அதையே செய்தார்கள். அவற்றின் பிள்ளைகளுக்கு அந்தப் பலம் போகவே இல்லை. ஆக, சேதியைக் கொண்டுபோக இந்தத் துண்டுகள் தேவைப்படுகின்றன.

இதைப் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் களத்தில் நடந்தேன். அந்த அம்மாயி பள்ளிக்கூடம் போயிருப்பாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆனால் துள்ளிக் குதிக்க வேண்டாம், இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, இந்தப் பலம் இனாமாக வருவதில்லை. அதே 2012ல் வந்த இன்னொரு ஆய்வில், பாக்டீரியா நோய் தாக்கிய தாயின் பிள்ளைகள் அடிச்சாம்பல் நோயை நன்றாகத் தாங்கின. ஆனால் ஆல்டர்னேரியா பூஞ்சணத்துக்கு, அதுதான் நம் முட்டைக்கோஸ் வகையில் இலைப்புள்ளி கொண்டுவருமே அதற்கு, முன்பைவிட எளிதாக இரையாயின. ஒரு பக்கம் வேலி கட்டினால் ஒரு பக்கம் திறந்துவிடுகிறது. இரண்டாவது, குறி நிரந்தரமில்லை. கடியே இல்லாத தலைமுறைகள் வரிசையாக வந்தால் குறி மங்கும். அதனால் ஒரு விதையை எங்கோ குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் காப்பாற்றுவதும், வருஷா வருஷம் அந்த மண்ணில், அந்தப் பூச்சியோடு போட்டு எடுப்பதும் ஒன்றாகாது. இது என் கருத்து.

‘ஆர்.என்.ஏ. மருந்து இயற்கைதானே?’

இந்தப் பேச்சு வந்தால் இளைஞர்கள் அடுத்து இதைத்தான் கேட்கிறார்கள். எந்த நல்ல விஷயத்தையும் பாட்டிலில் அடைக்காமல் விட மாட்டார்கள் இல்லையா?

பூச்சியின் உயிர் வாழத் தேவையான ஒரு மரபணுவுக்குப் பொருந்தும் இரட்டைப் புரியைத் தயாரித்து, அதைப் பூச்சி தின்னும்படி செய்தால், பூச்சியின் அரிவாள்மனையே அதன் கழுத்தை வெட்டும். யோசனை இதுதான். இரண்டு விதமாகச் செய்கிறார்கள். பயிருக்குள்ளேயே மரபணு மாற்றி வைப்பது ஒன்று: மக்காச்சோள வேர்ப்புழுவுக்கு எதிரான அப்படிப்பட்ட மக்காச்சோளத்துக்கு அமெரிக்காவில் 2017ல் அனுமதி கிடைத்தது. வெளியே இருந்து தெளிப்பது இன்னொன்று: உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டுக்கான லெட்ப்ரோனா என்ற தெளிப்பு மருந்தை அங்கே 2023 டிசம்பரில் பதிவு செய்தார்கள்.

இதில் வீண் பயம் எதற்கு, நியாயமான சந்தேகம் எதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆர்.என்.ஏ. என்ற பேரைக் கேட்டே பயப்பட வேண்டியதில்லை. நாம் சாப்பிடும் ஒவ்வொரு கீரையிலும் காயிலும் ஆர்.என்.ஏ. இருக்கிறது, வயிற்றில் செரித்துப்போகிறது. தெளித்த இரட்டைப் புரி மண்ணில் சில நாளில் சிதைந்துபோகும். எண்டோசல்பான் காலத்தைப் பார்த்த நமக்கு இது சின்ன விஷயம் இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் வேறு இடத்தில். பொருத்தம் பார்த்து வெட்டுவதுதான் இதன் வேலை. அந்த 21 எழுத்து வயலில் இருக்கும் வேறு ஒரு நல்ல பூச்சியின் மரபணுவோடும் பொருந்திவிட்டால்? சோதித்த பூச்சிகள் சில, வயலில் இருக்கும் பூச்சிகள் ஆயிரம். அடுத்து, பூச்சி சும்மா இருக்குமா? கொலராடோ வண்டை ஆய்வகத்தில் ஒன்பது முறை இந்த மாதிரி இரட்டைப் புரி கொடுத்துப் பிழைத்ததைப் பெருக்கிப் பார்த்தார்கள். பதினோராயிரம் மடங்குக்கு மேல் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. வேர்ப்புழுவில் எதிர்ப்பு வந்தபோது, குடல் இரட்டைப் புரியை உள்ளே விடுவதையே நிறுத்திக்கொண்டது. அதனால் வேறு எழுத்து மாற்றிக் கொடுத்தாலும் பலனில்லை. இன்னொன்று, வண்டு இனங்களுக்கு வாய்வழி கொடுத்தால் இது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. குடலிலேயே சிதைத்துவிடுகின்றன. நம் கத்தரிக் காய்த்துளைப்பான், நெல் குருத்துப்பூச்சி, படைப்புழு எல்லாம் அந்த ரகம்தான்.

ஹவாய்த் தீவின் பப்பாளியும் ஒரு பாடம். அங்கே பூனா பகுதிக்கு 1992ல் வளையப்புள்ளி வைரஸ் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. வைரஸின் மேலுறை மரபணுவைப் பப்பாளிக்குள் வைத்து, செடியின் வாயடைப்பை முன்கூட்டியே தட்டி எழுப்பிய ரகங்களை 1998ல் கொடுத்தார்கள். அங்கே அது வேலை செய்தது, மறுக்க முடியாது. ஆனால் வேறு நாட்டு வைரஸின் எழுத்து கொஞ்சம் வேறு. அந்த வைரஸ்களை ஏற்றிப் பார்த்தபோது அதில் ஒரு ரகம் தாங்கவில்லை. ஜப்பான் 2011 வரை அந்தப் பழத்துக்குக் கதவு திறக்கவில்லை, அதுவரை மரபணு மாற்றாத பப்பாளியைத் தனியாகப் பிரித்துச் சோதித்து அனுப்ப வேண்டியிருந்தது.

எனக்குப் படுவது இது: மருந்து இயற்கையா செயற்கையா என்ற வாதத்தை விடுங்கள். செடி தன் விதைக்குள் இனாமாக எழுதி வைக்கிற ஒன்றை, பருவா பருவம் கடையில் காசு கொடுத்து வாங்க வைக்கிறார்கள். அதற்குப் பழகிவிட்டால் விதைக்காய் விடும் பழக்கம் போய்விடும். யூரியா வந்தபோது குப்பைக்குழி போன மாதிரி.

அந்தச் சகோதரிக்குப் போன் செய்தேன்

“நான் அன்னிக்குச் சொன்னது பாதிதான் சரிம்மா. உங்க அம்மாயி சொன்னது பெரும்பாலும் சரி” என்று ஆரம்பித்தேன். பூச்சி கடித்தது வேறு, வைரஸ் தாக்கியது வேறு. புழு கடித்த செடியில் புழு விதைக்குள் போவதில்லை, சேதி மட்டும் போகலாம். வைரஸ் விழுந்த செடியில் சேதியோடு திருடனும் சேர்ந்து போகலாம். உளுந்தில் இலை நெளிவு நோய் விதை வழியாகவே போகும். குச்சி, கரணை, கிழங்கு என்று வைக்கிற பயிர்களில் இன்னும் மோசம், தாயின் உடம்பையே வெட்டி நடுகிறோம். அதனால் தேமல் விழுந்ததில், அது தெளிந்தே இருந்தாலும், எடுக்கவே கூடாது. கடித்தும் காய்த்த கத்தரியில் எடுக்கலாம். துளை விழுந்த காயை விட்டுவிட்டு, அதே செடியில் முழுசாக இருக்கும் காயைப் பழுக்க விட வேண்டும்.

அவர் விடவில்லை. “அந்தச் செடி கடியைத் தாங்குனது கடிச்சதாலயா, இல்ல பொறப்புலயே அது அப்படியாங்கண்ணா?”

நல்ல கேள்வி! அம்மாயி அறியாமலே இரண்டு வேலையும் சேர்த்துச் செய்திருக்கிறார். பிறப்பிலேயே தாங்கும் எழுத்து உள்ள செடியைப் பொறுக்கியிருக்கிறார். கூடவே கடிபட்டதன் குறியையும் வாங்கியிருக்கலாம். ஆய்வில் ஒரே எழுத்து உள்ள செடிகளை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். நம் வயலில் ஓரளவுக்குத்தான் பிரிக்க முடியும். இரண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரே கத்தரி ரகம். கடிபட்டுத் தாங்கிய நாலு செடியில் ஒரு பொட்டலம், கடியே படாத நாலு செடியில் ஒரு பொட்டலம். தேனீ கலந்துவிடாமல் இருக்க, விதைக்கு விடும் பூவை மலர்வதற்கு முந்தின நாளே மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுவது. ஆடிப்பட்டத்தில் ஒரே பாத்தியில் மாற்றி மாற்றி இருபது இருபது நாற்று. அறுக்கிற ஒவ்வொரு தடவையும் சொத்தைக் காய், நல்ல காய் என்று எண்ணி நோட்டில் எழுதுவது. இரண்டிலும் விதை எடுத்து, கடி படாமல் வலைக்குள் இரண்டு தலைமுறை ஓட்டி, மறுபடி திறந்த வயலில் போடுவது. வித்தியாசம் அப்படியே நின்றால் அது பிறப்பு எழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம், மங்கிப்போனால் அது பென்சில் குறி. மூணு வருஷ வேலை. “பாப்பா ஒண்ணாம் கிளாஸ் போயிருக்கும் அப்ப” என்று சிரித்தார்.

குச்சிக்கிழங்குக்கு இப்போது என் வழி மாறிவிட்டது. அறுவடை சமயத்தில் இலை பாதி கொட்டிய பிறகு குச்சி பொறுக்குவதில்லை. நட்ட இரண்டாம் மாதமே தேமல் தெரியும் செடியைப் பிடுங்கிவிடுகிறேன். வெயில் காலத்தில் தெளிவாகத் தெரிவதை நம்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகை குளிரில் ஒருமுறை வயல் முழுக்க நடந்து, ஆரம்பத்திலிருந்து ஒருமுறைகூடத் தேமல் காட்டாத செடிக்கு மட்டும் சிவப்பு நாடா கட்டுகிறேன். வெள்ளை ஈ வருகிறதா என்று மஞ்சள் அட்டையும் உண்டு. போன வருஷம் ஒரு ஏக்கரில் தேறியது எழுபத்து மூணு செடிதான்.

அந்தக் குச்சியில் பாதியைக் கட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு குச்சியை உருவி, முனையைக் கத்தியால் சீவி, பால் வருகிறதா என்று பார்த்தார்.

“இது குணமானதா, வராததா மாப்ள?”

“வராததுங்க.”

“நட்டுட்டு, ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்றேன்” என்றார்.